மூன்றாம் நாற்காலிக்கு நேரே ஒரு மரம்

இந்த ஊரில் என்னைவிட அதிகமாக மரம் நட்டவன் எவனும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். நகராட்சி, பள்ளிக்கூடங்கள், பிறந்தநாளுக்குக் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் எல்லோரையும் ஒரு தட்டிலும் என்னை ஒரு தட்டிலும் வைத்தால் என் தட்டுதான் தரையைத் தொடும். மூன்று வருடங்களில் ஒரு காட்டையே நட்டு முடித்திருக்கிறேன். ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. எதையும் ஆடு மேய்ந்ததில்லை. எதற்கும் நான் குழி தோண்டியதில்லை, நகத்தில் மண் ஏறியதில்லை. தண்ணீர் ஊற்றுவதெல்லாம் மரம் நடத் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்பது என் தாழ்மையான கருத்து.

நான் கட்டடங்களுக்குப் படம் போடுகிறவன். இன்னும் கட்டாத கட்டடம் கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் செய்து காட்டுவேன். கட்டடக்கலைதான் படிக்கிறேன் என்றாலும், இரண்டாம் வருடத்திலிருந்தே கல்லூரியில் பாதிப் பேருடைய பரீட்சைப் படங்களில் மரம் நடுகிற பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பெட்டியை வரைந்து அதன் முன்னால் ஒரு மரத்தை வைத்தால் அதற்குப் பெயர் வடிவமைப்பு. இரண்டு மரம் வைத்தால் பசுமைக் கட்டடம். மூன்றாவது மரம் வைத்தால் கட்டடமே தெரியாது. அதற்கு விருது கொடுப்பார்கள்.

கல்லூரி விதிப்படி ஆறு மாதம் எங்காவது வேலை பழக வேண்டும். என் திறமையை உணர்ந்து சேர்த்துக்கொள்ள முன்வந்த ஒரே நிறுவனம் என் அக்கா. அவளும் கட்டடக் கலைஞர். பெரிய அலுவலகத்தை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கியிருந்தாள். பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. கீழே காற்றடிக்கிற இயந்திரம் ஓடினால் மேலே என் திரையில் காடே ஆடும். அக்கா எனக்கு வைத்த பெயர் வனத்துறை. "வனத்துறை, டீ சொல்லிட்டு வா" என்பாள். துறைக்கு உரிய மரியாதையோடு போவேன்.

அவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை ஒரு டயாலிசிஸ் மையம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கையில் ஊசியோடு சாய்ந்து கிடக்க வேண்டும். அதை நடத்துகிற டாக்டர் மேடம் அதுவரை வாடகைக்கு எடுத்திருந்த இடம் ஒரு காலத்தில் துணிக்கடை. மருந்து வைக்கும் அறைக் கதவில் 'உடை மாற்றிப் பார்க்கும் அறை' என்ற எழுத்து இன்னும் இருந்தது. ஜன்னல் கிடையாது. எல்லா நாற்காலிகளும் ஒரு சுவரைப் பார்த்து இருந்தன. சுவரில் ஒரு கடிகாரம். அது ஓடும், ஆனால் நகராது.

அக்காவின் திட்டம் சுருக்கமானது. நடுவில் வானம் தெரிகிற முற்றம், அதைச் சுற்றி மூன்று பக்கமும் நாற்காலிகள். கிருமி வராதபடி முற்றத்துக்கும் நோயாளிக்கும் நடுவே திறக்காத கண்ணாடி. காத்திருக்கும் கூடத்துக்கு மட்டும் காற்று புகுந்து வெளியேற வழி. பகலில் விளக்கே போட வேண்டாம். டயாலிசிஸுக்குச் சுத்தமான தண்ணீரைப் பிரித்தெடுக்கும்போது பாதிக்குமேல் தண்ணீர் வீணாக வெளியேறுமாம். அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு தொட்டியில் பிடித்துக் கழிவறைக்கும் முற்றத்துச் செடிக்கும் திருப்புவது. இதெல்லாம் எனக்கும் பிடித்திருந்தது. அவள் வேலை செய்த விதம்தான் பிடிக்கவில்லை.

டாக்டரிடம் கேட்டு ஒரு டயாலிசிஸ் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி, காலி மனைக்குக் கொண்டுவந்து, புதருக்கு நடுவில் போட்டு அதில் சாய்ந்து படுத்துக்கொண்டாள். நானும் மேஸ்திரியும் ஆளுக்கொரு முனையில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பலகையை இறக்கு என்பாள், ஏற்று என்பாள், அப்படியே நில் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லமாட்டாள். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். மேடத்துக்கு மயக்கமா என்று மேஸ்திரி என் காதில் கேட்டார். இல்லை, இது அவருடைய வேலை நேரம் என்றேன். படுத்திருப்பவரின் கண் மட்டத்திலிருந்து தரை தெரிய வேண்டுமானால் ஜன்னலின் அடிச்சுவர் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதைத்தான் அவள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு புத்தகத்தைத் திறந்தால் போதும். இவள் வெயிலில் படுத்துக் கண்டுபிடித்தாள். அன்று மாலை கல்லூரி நண்பர்களுக்கு 'எங்கள் நிறுவனத்தில் படுத்துக்கொண்டே வேலை செய்யலாம்' என்று செய்தி அனுப்பினேன். மூன்று பேர் விண்ணப்பித்தார்கள்.

பிறகு அந்த முற்றத்தைப் பென்சிலால் வரைந்தாள். மூன்றாம் நாற்காலிக்கு நேர் எதிரே மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பு, அதில் கட்டிவைத்த ஒரு குச்சி, குச்சியில் சில இலைகள்.

"என்னக்கா இது? கொடி ஏத்தற எடமா?"

"பூவரசு. உப்புத் தண்ணி தாங்கும். மெஷின்ல இருந்து வர தண்ணி கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும்."

"மரத்தைவிட அதைக் கட்டின கம்பு பெருசா இருக்கே."

"நடும்போது அப்படித்தான்டா இருக்கும். நடும்போது எப்படியோ அப்படித்தான் வரையணும். அதுக்கப்புறம் அது பாடு."

இந்தக் கொள்கையோடு இருந்தால் எங்கள் அலுவலகம் எத்தனை நாள் பஞ்சர் கடைக்கு மேலே இருக்கும், எப்போது கீழே இறங்கும் என்று யோசித்தபடி அவள் வெளியே போகும்வரை காத்திருந்தேன். டாக்டருக்கு மறுநாள் படம் காட்ட வேண்டும். என் சேமிப்பில் 'அகன்ற மரம் ஏழு' என்று ஒரு மரம் இருக்கிறது. எந்த நாட்டில் யார் செய்ததோ, கல்லூரியில் பென்டிரைவ் மாறி மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. வங்கிக்கு வைத்திருக்கிறேன், பெட்ரோல் பங்குக்கு வைத்திருக்கிறேன், ஒரு சீனியரின் மின்மயானத்துக்கும் வைத்திருக்கிறேன். எங்கு வைத்தாலும் அந்த இடத்துக்கென்றே முளைத்ததுபோல நிற்கும். குச்சியை அழித்துவிட்டு அதை நட்டேன். சூரியனைக் கொஞ்சம் சாய்த்தேன். இலைகளுக்கு இடையில் வந்த வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி மூன்றாம் நாற்காலியின் மடியில் விழுந்தது. நாற்காலி காலியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மேடம் அதிகம் பேசாதவர். படத்தைப் பார்த்துவிட்டு, அந்த நாற்காலியில் சாய்ந்தால் இந்த மரம்தான் தெரியுமா என்று மட்டும் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் ஆமாம் என்றேன். கட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஸ்கூட்டரில் திரும்பும்போது சிக்னலில் அக்கா தலையைத் திருப்பாமல், அந்த மரத்துக்கு வயசு என்ன என்று கேட்டாள். மென்பொருளில் வயசு காட்டாது என்றேன். அதற்கு முப்பது வருடம் இருக்கும் என்றும், அதன் வேர் போகிற இடத்தில்தான் தண்ணீர்த் தொட்டி வருகிறது என்றும், நாளைக்கே டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் போவதாகவும் சொன்னாள். மறுநாள் டாக்டர் அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாக அச்சிட்டுப் பழைய ஹாலில் கடிகாரம் இருந்த இடத்தில் மாட்டிவிட்டார். சரி, பிறகு சொல்லலாம் என்றாள் அக்கா. எங்கள் அலுவலகத்தின் கட்டடங்கள் எல்லாம் 'பிறகு' என்ற அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நின்றன.

கண்டக்டர் அப்போதுதான் எங்கள் கதைக்குள் ஏறினார். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகளோடு இருக்கிறார். டயாலிசிஸுக்கு மூன்று முறை வர வேண்டியவர் இரண்டு முறை வருவார். சில வாரம் ஒருமுறை. மழை என்பார், தலைவலி என்பார், கிரிக்கெட் என்பார். ஒருநாள் மகளிடம், இவ்வளவு தூரம் ஓட்டியாச்சு, போதும், வண்டியை ஷெட்டில் விட்டுடலாம் என்றிருக்கிறார். தவறவிட்டால் உடம்பில் தண்ணீர் சேரும், நுரையீரலில் ஏறும், ஒருநாள் இதயம் நின்றுபோகும் என்று டாக்டர் படம் போட்டே விளக்கியிருக்கிறார். அந்தப் படத்துக்கு அவர் அசையவில்லை. என் படத்துக்கு அசைந்தார். அதை மாட்டியதிலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை என்று டாக்டரே அக்காவுக்கு போன் செய்து சொன்னார். காரணம், புது இடத்தில் மூன்றாம் நாற்காலியை வேறு எவனாவது பிடித்துவிடுவான் என்ற பயம்.

இதை அக்கா சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மின்சார இணைப்புகளின் இடைவெளியை அளக்க அந்தப் பழைய ஹாலுக்குப் போனபோதுதான் அவரை நேரில் பார்த்தேன். படத்தை மாட்டியிருந்த ஆணியில் ஒரு கைக்குட்டை தொங்கியது. அது என்ன என்று நர்ஸைக் கேட்டேன். கண்டக்டர் சீட் போட்டு வைத்திருக்கிறார் என்றார் சிரிக்காமல். ஓரத்து நாற்காலியில் கையை நீட்டிச் சாய்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீதான் இத வரைஞ்சவனாமே. என்ன மரம் இது?"

"அகன்ற மரம் சார்."

"பேரே அதுதானா?"

"அதுல ஏழாவது ரகம்."

அவர் தலையை ஆட்டினார். ஏழாவது ரகம் என்றதும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இலை கொட்டுமா என்று கேட்டார். நான் நட்டதில் இதுவரை ஒன்றும் கொட்டியதில்லை என்றேன். அது பொய்யில்லை. பறவை வருமா என்று கேட்டார். பறவைகள் தனி ஃபைலில் இருக்கின்றன. அதை விளக்கப் போனால் நேரமாகும் என்று, வரும் என்றேன். அவர் மறுபடியும் படத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவருடைய இயந்திரம் என்னவோ முனகியது. நான் அளவுநாடாவைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

கட்டடம் எழும்பியது. மேஸ்திரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் காதில் எது விழுந்தாலும் சிமெண்டாகத்தான் விழும். ஒருநாள் டாக்டர் தன்னோடு படித்த டாக்டர்கள் சிலரைக் கூட்டிவந்து, இது முழுக்கப் பசுமைக் கட்டடம், எல்லாச் சுவரும் பச்சை என்று காட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி குறுக்கே புகுந்து, ஆமாங்க, ரொம்பப் பச்சை, கை வெச்சிடாதீங்க, இன்னும் காயணும் என்றார். அதற்குள் ஒரு டாக்டர் கை வைத்துவிட்டார். அவருடைய ஐந்து விரல்களும் காத்திருக்கும் கூடத்தின் சுவரில் இன்றைக்கும் இருக்கின்றன. அக்கா பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

முற்றத்தில் தொட்டிக்கு மேலே இல்லாமல், தள்ளி, இயற்கை மண்ணிலேயே குழி எடுத்தார்கள். திறப்பதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பூவரசு வந்தது. அக்கா வரைந்தபடியே வந்தது என்பதுதான் எரிச்சலாக இருந்தது. அதே கம்பு, அதே குச்சி, அதே சில இலைகள். அக்கா டாக்டரிடம் எல்லாவற்றையும் அன்று சொல்லிவிட்டாள். டாக்டருக்குக் கோபம் வந்தது, போனது. குச்சியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கண்டக்டரிடம் யார் சொல்வது என்றார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

சொல்ல மூன்று முறை பழைய ஹாலுக்குப் போனேன். முதல் முறை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், நிழல் மதியத்துக்கு மேல்தான் என் பக்கம் வரும், காலையில் நீ அனுபவித்துக்கொள் என்று நிழலைப் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை வாசல்வரை போய்விட்டு, அளவுநாடா மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். நாடா என் பையில்தான் இருந்தது.

புது இடத்தில் முதல் நாள். கண்டக்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். யாரிடமும் கேட்காமல் மூன்றாம் நாற்காலிக்குப் போனார், கைக்குட்டையைத் தலையணையில் விரித்தார், சாய்ந்தார். கண்ணாடி வழியாக முற்றத்தைப் பார்த்தார். நாற்காலி சாய்ந்த மட்டத்துக்கு ஜன்னல் அச்சாகப் பொருந்தியது. தரை தெரிந்தது, சுற்றிலும் நட்ட சிறு செடிகள் தெரிந்தன, மேலே ஒரு துண்டு வானம் தெரிந்தது. நடுவில் குச்சி. பக்கத்தில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"மரம் எங்கே தம்பி?"

"அதான் சார்."

"எது, அந்தக் கம்பா?"

"கம்புக்குப் பக்கத்துல."

நர்ஸ் ஊசியைக் குத்தினார். அவர் முகம் மாறவில்லை. அதற்குப் பழகியவர்.

"எப்போ மரமாகும்?"

"பூவரசு சீக்கிரம் வளரும் சார். அஞ்சு வருஷத்துல நல்ல நிழல் குடுக்கும்."

சுற்றி இருந்த நாற்காலிகளில் தலைகள் என் பக்கம் திரும்பின. இந்த அறையில் யாரும் ஐந்து வருடம் என்ற சொல்லைச் சும்மா பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"டிக்கெட் கிழிச்சே சாப்பிட்டவன் நான்," என்றார் கண்டக்டர். குரலை உயர்த்தவில்லை. "இல்லாத ஸ்டாப்புக்கு ஒருநாளும் கிழிச்சதில்ல. நீ கிழிச்சிருக்கே. இது பச்சைப் பொய்."

அன்று அந்தக் கட்டடத்தில் அதைவிடப் பச்சையாக எதுவும் இல்லை. மீதி நான்கு மணி நேரமும் அவர் கண்ணை மூடியே கிடந்தார். போகும்போது தலையணையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த முறை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. டாக்டர் அக்காவுக்கு போன் செய்தார். அக்கா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்கூட்டர் சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். திட்டியிருக்கலாம்.

அவர் வீடு நான்கு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. மகள்தான் கதவைத் திறந்தார். யார் என்று சொன்னேன்.

"நீங்கதானா அந்த மரம்?" என்றார்.

ஆமாம் என்றேன். அப்பா இரண்டு நாளாகச் சாய்ந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறார், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், நான் அழுதும் பார்த்துவிட்டேன், கத்தியும் பார்த்துவிட்டேன், இனி நீங்கள் உங்கள் பங்குக்கு எதையாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வழிகாட்டினார். கண்டக்டர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் மேலே கிடந்தன. ஜன்னலுக்கு நேரே எதிர்க் கட்டடத்தின் சுவர். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஆரம்பித்ததும் கையால் நிறுத்தினார். மன்னிப்பு எல்லாம் இறங்கும்போது கேட்டுக்கொள்ளலாம், உட்கார் என்றார். உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்தப் படம் வந்த கதையைச் சொன்னேன். பென்டிரைவ், வங்கி, பெட்ரோல் பங்கு எல்லாவற்றையும் சொன்னேன். மின்மயானத்தைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்து, அதையும் சொல்லிவிட்டேன்.

"அங்கேயும் இதே மரமா?"

"இதே மரம்தான் சார்."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா மூச்சு வாங்குகிறாரா என்று தெரியாமல் மகள் எழுந்து வந்துவிட்டார். சிரிப்புத்தான். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

"சரி, நல்லா கேட்டுக்கோ," என்றார் மூச்சு திரும்பியதும். "அஞ்சு வருஷம்னு இனிமே என்கிட்ட சொல்லாதே. அவ்ளோ தூரத்துக்கு மொத்தமா டிக்கெட் எடுக்கற தெம்பு எனக்கு இல்ல. அடுத்த ஸ்டேஜுக்கு மட்டும் குடு. அது வந்தப்புறம் அதுக்கடுத்தது. அடுத்த மாசம் அது எப்படி இருக்கும், அத மட்டும் வரைஞ்சு காட்டு."

"அடுத்த மாசமும் குச்சியாத்தான் சார் இருக்கும்."

"அப்போ குச்சியவே வரை. எத்தனை இலை விடும்?"

தெரியாது என்றேன்.

"இப்போ எத்தனை இருக்கு?"

அதுவும் தெரியவில்லை. அது வந்து இறங்கிய நாளிலிருந்து நான் அதைப் பார்க்காமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தேன்.

"நட்டவன்னு சொல்லிக்கிறே," என்றார். "மொதல்ல இன்னிக்கு என்ன இருக்கோ அத வரை. அப்புறம் பாக்கலாம்."

நாளைக்கு வருவீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். வாசலில் மகள், பார்க்கலாம் என்று சொன்னதே இந்த வாரத்தில் இதுதான் முதல் முறை என்றார்.

அலுவலகத்துக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அகன்ற மரம் ஏழைச் சிறிதாக்கினேன். சின்னதான பெரிய மரம் கன்று ஆகிவிடாது, காலிஃபிளவர் ஆகிறது. கிளைகளை வெட்டினேன். வெட்டிய காலிஃபிளவர் ஆனது. சேமிப்பு முழுவதும் தேடினேன். முதிர்ந்த மரம் இருந்தது, பூத்த மரம் இருந்தது, பனி படர்ந்த மரம்கூட இருந்தது. கம்பில் கட்டிவைத்த ஒரு குச்சி எங்கும் இல்லை. உலகத்தில் படம் போடுகிற யாருக்கும் அது இதுவரை தேவைப்பட்டதில்லை போலிருக்கிறது. அக்காவின் பழைய பென்சில் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். அது இந்தக் கன்றைப் பார்க்காமலே வரைந்தது. அவர் கேட்டது அதுவல்ல.

மறுநாள் காலை நர்ஸ் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மையத்துக்குப் போய்விட்டேன். அக்காவின் மேசையிலிருந்து ஒரு பென்சிலும் அழிப்பானும் சொல்லாமல் எடுத்துப் போயிருந்தேன். மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தேன். முதலில் வந்தது குடைக்கம்பி. அழித்தேன். இரண்டாவது தொடப்பக்குச்சி. அழித்தேன். ஒரு மரத்தை நடுவதற்கு எனக்கு இவ்வளவு நேரம் ஆனதே இல்லை. இலை இதயம் மாதிரி என்று எங்கோ படித்திருக்கிறேன், ஆனால் இந்தக் கன்றின் இலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி, ஒன்று நுனி கருகி, ஒன்று பாதி மடங்கி இருந்தன. கம்பில் கட்டிய சணல் அவிழ்ந்திருந்தது. வெளியே போய் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். மண் காய்ந்திருந்ததால் என் பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டிலைக் கழுவுவதுபோல் குலுக்கினேன்.

மற்ற நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மூன்றாவதில் நானே உட்கார்ந்திருந்தேன். இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பக்கத்து நாற்காலிக்காரர் வாசலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி வாசலைப் பார்ப்பார். டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எழுந்திரு. அது என் சீட்."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் நின்றிருந்தார். எழுந்து பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். எடை பார்த்தார்கள், நர்ஸ் உச்சுக்கொட்டினார், ஊசி ஏறியது, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியது. சாய்ந்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, மற்றக் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். பரிசோதகர் டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் தாளைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"கம்புக்கு அந்தப் பக்கம் கீழே ஒரு தளிர் இருக்கு. நீ போடல."

"இல்லையே சார். நான் நல்லா பாத்தேனே."

"இருக்கு."

ஸ்டூலிலிருந்து பார்த்தேன். கம்பு மறைத்தது. குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தலையை அவருடைய தலையணை மட்டத்துக்கு இறக்கி, நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டேன். இருந்தது. இன்னும் விரியாமல், சுருட்டிவைத்தது மாதிரி. தாளை வாங்கி முழங்காலில் வைத்து, அப்படியே சாய்ந்தபடி, அதை வரையத் தொடங்கினேன்.